கிரீட் தீவின் தெற்குக் கரையில் அமைதியான ஊர் எது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் சில அறைகளைச் சரிபண்ணி வெளிநாட்டு விருந்தாளிகளைத் தங்கவைக்கிறேன். ஐப்பசி தொடங்கி மாசி முடிகிறவரை பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். வருகிறவர்கள் முகப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து "என்ன ஒரு அமைதி!" என்பார்கள். அதே நேரத்தில் நான் பின்கட்டில் மோட்டார் ஏன் தண்ணீர் ஏற்றவில்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். எனக்கும் அடுத்தவர் ஊரில் போய்ச் சும்மா உட்கார ஆசை வந்துவிட்டது.

எங்கள் அய்யா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணிச் சம்பாதிக்கப் போனவர். அவர் கப்பலேறிச் சம்பாதித்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற நான், கடலைப் பார்த்ததெல்லாம் ராமேஸ்வரத்தில்தான்.

போன பருவத்தில் தங்கிய ஒரு தம்பதி, மத்தியதரைக் கடலில் கிரீட் தீவின் தெற்குக் கரைக்குப் போகச் சொன்னார்கள். லூத்ரோ, சூயா, பலியோகோரா என்று மூன்று ஊர்ப் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். படம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. படத்தில் எல்லா ஊரும் ஒரே நீலமாக இருக்கிறது.

எங்கள் நிலவரம் இது. நானும் சம்சாரமும் மட்டும். எனக்கு வயது 58. அவளுக்கு இடது முழங்கால் வலி, படி ஏறினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். நான் சைவம், அவளுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது, ஆனால் தண்ணீரில் இறங்காமல் வரமாட்டோம். குடை வரிசை, பாட்டுச் சத்தம், பெரிய ஓட்டல் எதுவும் வேண்டாம். எங்களுக்குச் சித்திரை முதல் புரட்டாசி வரை ஆள் வராத காலம். அதில் எந்த மாதம் நல்லது?

அப்புறம், அவள் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று. சேலையோடு கடலில் இறங்கினால் வேடிக்கை பார்ப்பார்களா?

பள்ளத்தூர் பழசு எழுதியது:

காலை நனைக்க ஐரோப்பாவுக்கா போக வேண்டும்? தேவகோட்டை தாண்டித் தென்கிழக்கே வண்டியை விட்டால் தொண்டி. பாக் விரிகுடா, பெரிய அலை கிடையாது, நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேலே வராது. நீச்சல் தெரியாதவர்களுக்கு அதைவிட நல்ல கடல் எங்கே இருக்கிறது? விசா வேண்டாம், நண்டும் மலிவு. மிச்சப் பணத்தில் வீட்டுக்கு வெள்ளை அடியுங்கள்.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

அண்ணே, தொண்டியில் காலை நனைப்பதற்குள் "சாவி எங்கே வைத்தீர்கள்?" என்று வீட்டிலிருந்து போன் வந்துவிடும். திரும்பி ஓடிவர முடியாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டமே.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

தம்பி, நான் போயிருக்கிறேன். மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். பேரனைப் பார்க்கப் போயிருந்தபோது புரட்டாசி வாக்கில் எல்லாருமாகக் கிரீட்டுக்குப் போனோம். எனக்கும் முழங்கால் தகராறு உண்டு, அதனால் உங்கள் வீட்டில் அவர்களுக்காகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் லூத்ரோ. அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. அந்தப் பக்கத்துக் கரை முழுக்க வெள்ளை மலைகள் என்கிற மலைத்தொடர், 2,400 மீட்டருக்கு மேலே. அது செங்குத்தாக வந்து கடலில் இறங்குகிறது. வடகரையில் இருக்கிற ஹனியா நகரத்திலிருந்து வரும் பேருந்து ஸ்ஃபாகியா துறையோடு நின்றுவிடும். அங்கிருந்து படகில் 20 நிமிடம், இல்லையென்றால் மலைச்சரிவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடை. ஊருக்குள் கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. ஊர்க்காரர்கள் சாதுவானவர்கள் என்பதால் வந்த அமைதி என்று நினைக்காதீர்கள், சாலை போடாததால் மிஞ்சிய அமைதி. அதற்கு விலை, படகு நேரத்துக்கு நாம் அடங்கி நடப்பது. காற்று பலமாக அடித்தால் அன்றைக்குப் படகு கிடையாது. கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு கட்டாயம் ஹனியாவில் தங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

படகு இறங்குவதே ஒரு கூத்து. முன்பக்கத்துப் பலகை சங்கிலியோடு கடகடவென்று கரையில் சாயும். பெட்டி, காய்கறிக் கூடை, தண்ணீர்ப் பாட்டில் கட்டு, நாய், நாம் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி கூழாங்கல்லில் உருளாது. மாப்பிள்ளை என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். முதுகில் மாட்டுகிற பையாக எடுத்துப் போங்கள்.

பகலில் படகில் வந்து சாப்பிட்டுப் போகிற கூட்டம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். காலை 11 மணிக்கு வந்து இறங்குவார்கள், சாயங்காலம் 5, 6 மணிக்கெல்லாம் காலி. பக்கத்தில் சமாரியா என்று 16 கிலோமீட்டர் மலையிடுக்கு நடை ஒன்று இருக்கிறது. அதை நடந்து முடித்தவர்களில் நிறையப் பேர் அயா ரூமெலி என்கிற கடலோர ஊரில் படகேறி இந்த வழியாகத் திரும்புவார்கள். படகு நிறைய செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டிக் கிடப்பார்கள். அந்தப் படகு போனதும் தங்கியிருக்கிறவர்கள் மட்டும்தான் ஊரில்.

இப்போது கடல். இதைக் கவனமாகப் படியுங்கள். பழசு அண்ணன் சொன்ன தொண்டிக் கடல் மாதிரி நினைத்து இறங்கிவிடக் கூடாது. லூத்ரோவில் கரை முழுக்கக் கூழாங்கல், சில அடியிலேயே மார்பளவு வந்துவிடும். சூயாவிலும் அப்படித்தான் சரிவு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதால் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. கல்லில் நடக்கிற ரப்பர் செருப்பு கட்டாயம், ஹனியாவிலேயே விற்கிறார்கள். கரையோரமாக உட்கார்ந்துவிட்டால் ஒரு பயமும் இல்லை. என் வளையல் கைக்குக் கீழே கல்லோடு கல்லாகக் குட்டி மீன் கூட்டம் வந்து விரலைக் கொத்தியது.

சேலை விஷயம். யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் சேலையோடு இறங்க வேண்டாம் தம்பி. நூல் சேலை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், வழுக்குகிற கல்லில் அது ஆபத்து. நான் பழைய சுடிதாரில் இறங்கினேன். அந்த ஊர்ப் பாட்டிமார் தொப்பி போட்டுக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் வட்டமாக நின்று மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசுகிறார்கள், நம் ஊருணிப் படித்துறையில் நின்று பேசுகிற மாதிரியே. என்னையும் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டார்கள். துணியே இல்லாமல் படுத்திருப்பவர்களும் ஒதுக்குப்புறமான இடங்களில் உண்டு, சூயா கரையின் கிழக்குக் கோடியில் அதிகம். நாம் மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் சரி.

லூத்ரோவுக்கும் ஸ்ஃபாகியாவுக்கும் நடுவில் நல்ல தண்ணீர்க் கரை என்று ஒன்று. சின்னப் படகில் கொண்டுபோய் விடுவார்கள். கடலுக்கு ஒட்டிய கூழாங்கல்லுக்கு அடியில் ஊற்று. மலையில் விழுகிற மழையும் பனியும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே இறங்கி அங்கே வந்து எட்டிப்பார்க்கிறது. கையால் கல்லைப் பறித்தால் பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிற்கும். நாலு எட்டு தள்ளி உப்புக் கடல், இங்கே பல் கூசுகிற சில்லிப்பில் நல்ல தண்ணீர். நான் உள்ளங்கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். கடலில் குளிக்கும்போதும் காலுக்கடியில் திடீரென்று குளிரும், அதுவும் ஊற்றுதான்.

உங்கள் வீட்டில் அவர்களுக்கு முழங்கால் வலி என்பதால் என் யோசனை: முதலில் சூயா, அப்புறம் லூத்ரோ. சூயாவுக்கு ஹனியாவிலிருந்து பேருந்து ஊர் நடுவிலேயே கொண்டுபோய் விடும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நீளமான கரை, கரையோரம் சவுக்கு மாதிரி ஊசி இலை மரங்கள், அதன் நிழல் காசில்லாத நிழல். அங்கிருந்து அயா ரூமெலி வழியாகப் படகிலேயே லூத்ரோ வந்துவிடலாம், பருவத்தில் மட்டும். படகு மாறும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். லூத்ரோவில் கரையோரப் பாதை மட்டும்தான் சமம், கொஞ்சம் உள்ளே போனாலும் படிதான். அறை எடுக்கும்போது கீழ்த்தளம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலியோகோரா கொஞ்சம் பெரிய ஊர், மேற்குப் பக்கம் நல்ல மணல். மணல்தான் வேண்டும் என்றால் அங்கே போகலாம், ஆனால் நீங்கள் கேட்கிற அமைதி அங்கே இருக்காது.

மாதம்: ஆடி, ஆவணி வேண்டாம். வெயில், கூட்டம், விலை மூன்றும் உச்சம். வடகாற்றும் அப்போதுதான். புரட்டாசிக் கடைசியில் கடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஐரோப்பியப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பியிருப்பார்கள். சித்திரையில் மலை பச்சையாக அழகாக இருக்கும், கடல் மட்டும் நடுக்கும். அக்டோபர் முடிந்தால் கடைகளை அடைத்துவிட்டுப் பாதிப் பேர் ஊரைவிட்டே போய்விடுவார்கள்.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

ஆச்சி, நூறு புண்ணியம். உங்கள் பதிலைச் சம்சாரத்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாட்டிமார் கூப்பிட்டார்கள் என்கிற இடத்தில் அவள் டிக்கெட்டே போட்டுவிட்டாள், மனதுக்குள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லையே?

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

அதைத் தனியாக எழுத நினைத்தேன், கை வலித்துவிட்டது.

சைவத்துக்குக் கிரீட்டில் பஞ்சமே இல்லை. அவர்கள் சபையில் விரத நாட்கள் நிறைய, புதன், வெள்ளி உட்பட. அதற்கென்றே சமைக்கிற சாப்பாட்டுக்கு "நிஸ்டிசிமோ" என்று பெயர். கறி, முட்டை, பால் எதுவும் சேராது. ஆனால் ஒன்று: இறால், கணவாய் எல்லாம் அவர்கள் விரதத்துக்கு ஆகும்! அதனால் "நிஸ்டிசிமோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடாதீர்கள், அதையும் கேட்டுவிடுங்கள்.

ஃபாவா என்று மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசித்து, மேலே பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். ஒரு கரண்டி சோறு மட்டும் இருந்தால் என்று மனசு அடித்துக்கொள்ளும். பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்தது, காட்டுக்கீரையை அவித்து எலுமிச்சை பிழிந்தது, வறட்டுப் பார்லி ரொட்டிமேல் தக்காளியும் பாலாடையும் வைத்த தாகோஸ், எல்லாம் எங்கேயும் கிடைக்கும். திராட்சை இலையில் சோறு வைத்துச் சுருட்டினது வந்தால் உள்ளே கொத்துக்கறி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஸ்ஃபாகியா பக்கத்துச் சிறப்பு ஒன்று, மெல்லிய தோசைக்கல் ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி, மேலே தேன். காலையில் அதுவே எனக்குப் போதும்.

மீன் கிலோ விலைக்கு. உள்ளே கூப்பிட்டுப்போய்க் குளிர்பெட்டியின் இழுப்பறையைத் திறந்து காட்டுவார்கள். நாம் கை காட்டியதை எடுத்துத் தராசில் போடுவார்கள். அப்போதே விலையைக் கேட்டுவிட வேண்டும், இலைக்கு வந்தபிறகு கேட்டால் நெஞ்சு அடைக்கும். உறைய வைத்த மீன் என்றால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள். எப்படிக் கேட்டாலும் எண்ணெய், எலுமிச்சை, உப்பு, நெருப்பு, அவ்வளவுதான் சமையல். உங்கள் வீட்டில் அவர்கள் மிளகாய்ப்பொடி டப்பாவைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே பழமும் ராக்கி என்கிற சாராயமும் கொண்டுவந்து வைப்பார்கள், அதற்குக் காசு இல்லை. வேண்டாம் என்றால் பழத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கோபப்பட மாட்டார்கள்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கழிப்பறையில் தாளை உள்ளே போடக்கூடாது, குழாய் சின்னது, பக்கத்தில் கூடை இருக்கும். ஒரு சொம்பு எடுத்துப் போங்கள்.

மால்டாவில் புதுவயல் எழுதியது:

ஆச்சிக்கு வணக்கம். நான் மால்டாவில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறேன். கிரீட்டுக்கு எதிர்க்கட்சியாக ஒரு தீவைச் சொல்லட்டுமா? கோசோ, மால்டா நாட்டைச் சேர்ந்த சின்னத் தீவு.

கிறிஸ்தவ வேதத்தில், அப்போஸ்தலர் நடபடிகளில், பவுலை ஏற்றிப்போன கப்பல் குளிர்காலத்தைக் கிரேத்தாவின் (வேதத்தில் கிரீட்டுக்கு அதுதான் பெயர்) பேனிக்ஸ் துறையில் கழிக்கப் பார்க்கும். அந்தத் துறை ஆச்சி சொன்ன லூத்ரோவை ஒட்டியதுதான் என்கிறார்கள். போய்ச் சேரவில்லை, புயல் அடித்துக்கொண்டுவந்து கப்பல் உடைந்த இடம் எங்கள் மால்டா. பிப்ரவரி 10ஆம் தேதி அதற்குப் பெரிய திருவிழாவே எடுக்கிறார்கள், காகிதத் தூள் தெருவெல்லாம் கணுக்கால் அளவுக்குக் கிடக்கும்.

கோசோவில் உங்களுக்கு என்ன லாபம் என்றால், இங்கே ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. வண்டி இடதுபக்கம், நம் ஊர் ஓட்டுநர் கண்ணுக்குப் பழகினது. தாய்த்தீவான மால்டாவிலிருந்து படகில் 25 நிமிடம், போகும்போது டிக்கெட் கிடையாது, திரும்பும்போதுதான் காசு வாங்குவார்கள். ஷ்லென்டி என்கிற ஊர் இரண்டு பாறைக்கு நடுவில் ஒடுங்கின குடா. ரம்லாவில் செம்மண் நிற மணல், மெதுவான சரிவு, நீச்சல் தெரியாதவர்களுக்கு ஆச்சி சொன்ன கூழாங்கல் கரையைவிட நல்லது. மார்சல்ஃபோர்ன் பக்கத்தில் கடலோரப் பாறையையே செதுக்கி உப்புப் பாத்தி கட்டியிருக்கிறார்கள், கோடையில் இன்றைக்கும் உப்பு வாரிக் கோணியில் கட்டுகிறார்கள். ஜகன்டியா என்கிற கல் கோயில்கள் எகிப்துப் பிரமிடுகளுக்கும் முந்தியவை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சாலை இருக்கிறது, சனி ஞாயிறு தாய்த்தீவே காரில் வந்து இறங்கிவிடும். வாரநாளில் வாருங்கள்.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

புதுவயல் தம்பி சொல்வதும் நியாயம்தான். முழங்காலுக்குக் கோசோ. போன் அடித்தாலும் ஓடிவர முடியாத இடம் வேண்டும் என்றால் லூத்ரோ. தம்பி எதற்காகப் போகிறார் என்பதைத் திட்டத்திலேயே சொல்லிவிட்டார், அதனால் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

டிக்கெட் போடுகிறவன் எழுதியது:

காரைக்குடியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன், விளம்பரம் இல்லை, விவரம் மட்டும்.

கிரீஸ், மால்டா இரண்டும் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. இரண்டுக்கும் போவதென்றால் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து. விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. விண்ணப்பம் வாங்குகிற விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். ஆனால் கோடையில் மையத்தில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு, புரட்டாசிக்குப் போக ஆனியிலேயே கொடுத்துவிடுங்கள். முதல் தடவை என்றால் கைரேகைக்கு இரண்டு பேரும் நேரில் போக வேண்டும்.

அண்ணன் சொந்தத் தொழில் என்பதால் வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி இருந்தால் அது, வங்கிக் கணக்கு எல்லாம் பொருந்தி வர வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று பெரிய தொகை கணக்கில் விழுந்தால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள்.

வழி: திருச்சியிலிருந்து துபாய், அங்கிருந்து ஏதென்ஸ், அப்புறம் உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஹனியா. அல்லது ஏதென்ஸ் துறைமுகம் பிரேயுசில் ராத்திரிக் கப்பல் ஏறினால் காலையில் ஹனியாவுக்குப் பக்கத்துச் சூடாவில் இறங்கலாம். அய்யா கப்பலேறினவர் என்றீர்களே, அதைப் பாருங்கள். படுக்கை அறை எடுத்தால் ஒரு இரவு ஓட்டல் செலவும் மிச்சம்.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

கப்பல்தான். சூயா, அப்புறம் லூத்ரோ, கடைசி இரவு ஹனியா. முடிவு பண்ணிவிட்டோம். கோசோ அடுத்த தடவைக்கு இருக்கட்டும் புதுவயல் தம்பி, முழங்கால் கெட்டுப்போவதற்குள் கூழாங்கல்லைப் பார்த்துவிடுகிறேன் என்கிறாள் அவள்.

ஒரே ஒரு சந்தேகம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நெய், கொஞ்சம் கறிவேப்பிலை என்று மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். விடுவார்களா?

டிக்கெட் போடுகிறவன் எழுதியது:

பொடி வகை, புளிக்காய்ச்சல் பிரச்சினை இல்லை, கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். நெய் கூடாது. பால், இறைச்சி சம்பந்தப்பட்ட எதையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகத் தடை. கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது, பச்சை இலை, காய், பழம் எல்லாவற்றுக்கும் அதே விதி. விலக்கு ஐந்தே பழத்துக்கு: வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன்.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

தேங்காயைத் தூக்கிக்கொண்டு படகில் ஏற வேண்டாம் தம்பி. நெய்க்குப் பதில் அவர்கள் ஆலிவ் எண்ணெயையே பருப்புப்பொடியில் விட்டுப் பிசையச் சொல்லுங்கள், நன்றாகத்தான் இருக்கிறது. அரிசி ஹனியாவில் கிடைக்கும். அடுப்பு வைத்த அறையா என்று மட்டும் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.